அம்மா ஊரில் நிற்காத ரயில்

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் கச்சிராயபாளையம் டவுன் பஸ் கிளம்பத் தயாராக நின்றது. எனக்கு முன் சீட்டில், மடியில் பெரிய துணிப்பையோடு ஒரு பெண். ஜன்னலுக்கு வெளியே அவள் கணவர். ஒட்டுக்கேட்கும் பழக்கம் எனக்குக் கிடையாது, வாய்ப்புக் கிடைக்காத நாட்களில்.

“உங்க அக்கா ஊருக்கு ஸ்டேஷன் கட்டினீங்களே, எங்கம்மா ஊர்ல ரயில் நின்னா இன்னா கொறஞ்சிடும்?”

“அது கம்ப்யூட்டர் கேம்டி. சின்னசேலத்துலேர்ந்து புதுசா ரூட்டு போட்டுக்கினு இருக்கேன். நெஜம் மாதிரி இருக்கணும். கண்ட எடத்துல நிறுத்த முடியாது.”

“உங்க அக்கா இருக்கிற ரிஷிவந்தியத்துல இன்னா, நெஜமாவே ரயில் ஓடுதா?”

எனக்கு வந்த சிரிப்பை இருமலாக மாற்றினேன். நம்பும்படி இல்லை.

“அக்காவுக்குக் கூரை போட்ட பிளாட்பாரம். எங்கம்மா வூட்டத் தாண்டும்போது வெறும் ஹாரன்.”

“அது மரியாதைக்கு அடிக்கிறதுடி. சரி, எப்போ திரும்பி வருவே?”

“உங்க ரயில் எங்க ஊர்ல நிக்கட்டும், வரேன்.”

பஸ் நகர்ந்தது. அவர் கூடவே ஓடிவந்தார்.

“நிறுத்தறேன்டி! ஒரு நிமிஷம் நிக்கும்!”

“உங்க அக்கா ஊர்ல எவ்ளோ நேரம்?”

“பத்து நிமிஷம். அங்க இன்ஜின் மாத்தணும்டி!”

அவள் ஷட்டரை இறக்கினாள்.