கிராம்பு கேங்

— சந்தேகமே வேணாம் லவினா, ஒரே ஆளு செஞ்சதுதான். அடுகோடி ஒர்க்‌ஷாப்ல போலீஸ் புடிச்ச தூளும், எலெக்ட்ரானிக் சிட்டி கேப் டிரைவர் சீட்டுக்கடியில புடிச்ச தூளும்... ஒரே அடுப்பு.

— ஓஸ்வால்ட் சார், கொஞ்சம் பொறுங்க...

— இன்னாத்துக்குப் பொறுக்கணும்? இந்த லேப்ல எத்தினி போதைத் தூளைப் பாத்திருப்பேன்! சரக்கு எல்லாருக்கும் ஒண்ணுதான். கூட ஒட்டிக்கினு வர்ற அழுக்குதான் ஆளைக் காட்டிக் குடுக்கும்.

— அழுக்குன்னா, செய்யும்போது மிஞ்சிப் போன கெமிக்கல் சார். இது கிராம்பு.

— அதான் விசேஷம்! மெஷின் போட்ட ரெண்டு கிராஃப்லயும் அதே இடத்துல அதே கூம்பு. எவனும் போடாத கிராம்பு எண்ணெயைப் போட்டிருக்கான். பேருகூட வெச்சிட்டேன்... கிராம்பு கேங்.

— பேரு வேறயா!

— இன்ஸ்பெக்டர் ஸ்ரீஹர்ஷாவுக்கு ரொம்பப் புடிச்சுப் போச்சு. சாயங்காலம் ரிப்போர்ட் குடுத்தா, டிரைவரையும் கேங்ல சேத்துடுவாராம். அப்புறம் ஜாமீன்கூடக் கிடைக்காது.

— சார், அது கம்பெனி வண்டி. யாரு வெச்சாங்கன்னே தெரியல. டிரைவரை அடுகோடியோட கட்டிப்போடறது இந்த ஒரே ஒரு கிராம்புதான். மத்த அழுக்கு எதுவுமே ஒத்துப் போகல.

— சமைக்கறவன் கை ஒரே மாதிரியா இருக்கும்? எங்க வீட்ல மௌரீன் வைக்கிற குழம்பே ஞாயித்துக்கிழமை ஒரு ருசி, புதன்கிழமை ஒரு ருசி.

— சரி, டீ ஆறுது. முறுக்கு எடுத்துக்குங்க.

— வேணாம்மா.

— நீங்க? முறுக்கு வேணாம்னா?

— உபவாசம்.

— ஈஸ்டர் முடிஞ்சு எவ்ளோ நாளாச்சு! டீயை ஏன் சார் ஒரு பக்கமா சாச்சுக் குடிக்கிறீங்க?

— ஸ்டைலு.

— கன்னம் வேற பன்னு மாதிரி...

— கொசு கடிச்சிருக்கும். நீ விஷயத்துக்கு வா.

— விஷயம் இதான். காலைல மூணு பாட்டில் நீங்கதானே ரெடி பண்ணீங்க? ரெண்டுல தூளைக் கரைச்சீங்க. மூணாவதுல வெறும் கரைப்பான்.

— ஆமா, அதுல ஒண்ணும் வரக்கூடாது. வந்தா, அழுக்கு நம்ம லேப்போடதுன்னு அர்த்தம்.

— அதுலயும் கிராம்பு சார். சர்ச் கோபுரம் மாதிரி நிக்குது.

— மூணாவதுலயுமா?

— தூளே இல்லாத பாட்டிலுக்குள்ள உங்க கேங் எப்படிப் பூந்துச்சு?

— மெல்லப் பேசும்மா... பல்லு.

— எந்தப் பல்லு?

— கடவாப் பல்லு. ரெண்டு வாரமா உயிர் போவுது. கிராம்பு எண்ணெய் பாக்கெட்லயே இருக்கும். விரல்ல தொட்டு ஒரு அமுக்கு...

— க்ளவுஸைக் கழட்டிட்டுத்தானே?

— வலி வர்ற நேரத்துல கழட்டி மாட்டினு இருக்க முடியுமா?

— ஐயோ சார்! அந்தக் கையால போதைத் தூளைத் தொட்டுட்டு வாய்க்குள்ளயா?

— அதான் ஞாயித்துக்கிழமை கொயர்ல அவ்ளோ சந்தோஷமாப் பாடினேனோ...

— டாக்டர்கிட்டப் போய்ப் புடுங்கிக்க வேண்டியதுதானே!

— போனேனே. பிரேசர் டவுன் டாக்டரு ஊசியை எடுத்தாரு, நான் செருப்பை எடுத்துக்கினு வந்துட்டேன். மௌரீன்கிட்ட புடுங்கியாச்சுன்னு சொல்லி வெச்சிருக்கேன்.

— அந்த டிரைவருக்கு ஜெயிலு, உங்களுக்கு ஒரு ஊசி. எது சார் பெருசு?

— ஊசி கொஞ்சம் நீளம்... முறைக்காத, முறைக்காத. அந்த ஃபோனைக் குடு. ஹலோ, ஸ்ரீஹர்ஷா சார், நமஸ்கார... ஓஸ்வால்ட். அந்த டிரைவரைச் சேக்காதீங்க. கேங்கே இல்ல சார்... ஹல்லு... ஹௌது, நன்ன ஹல்லு... ஆமா சார், என் பல்லுதான்... என் கையில இருந்த கிராம்பு எண்ணெய். எல்லாத்தையும் புதுசா வேற ஆளு மெஷின்ல ஓட்டணும்... சிரிக்காதீங்க சார்... வெக்கறேன்.

— நல்ல காரியம் பண்ணீங்க.

— மானம் கப்பலேறிடுச்சு. போவட்டும். அந்த மூணாவது பாட்டிலோட கிராஃபை எடு, என் பல்லு எவ்ளோ ஒசரம் வந்திருக்குதுன்னு பாக்கறேன்.

— அது... சார்...

— எடும்மா, இனிமே இன்னா வெக்கம்?

— கிராஃபே இல்ல சார், கிராம்பு வாசம் வந்தது உங்க வாயிலேர்ந்துதான். அந்தப் பாட்டிலை மெஷின்ல முதல்ல ஏத்தச் சொன்னீங்க இல்ல... ஏத்தவே மறந்துட்டேன். இன்னும் என் கோட்டுப் பாக்கெட்லதான் இருக்கு.