ஒரு பக்கம்தான் மூடுது

செண்பகவல்லி: வந்துட்டு… படம் வந்துட்டு… ஐயோ, நீலமாயிட்டு. போச்சு, திரும்பவும் அணைஞ்சுட்டுங்க.

வேல்சாமி: விஜி, உங்க அம்மை சொன்னது கேட்டுச்சால? விண்டோஸ் படம் வருது. பின்ன நீலக் கலர்ல என்னமோ எழுத்து. டப்புனு அணைஞ்சு, தானா எழும்புது. காலையில இருந்து இதே கூத்துதான்.

விஜய்குமார்: கேட்டேன்ப்பா. மஸ்கட்டுல இருந்துக்கிட்டு போன்ல எப்படிப்பா பாக்க… கம்ப்யூட்டருக்குப் புது மெமரி, அந்த ராம், போடுததுக்கு முன்ன ஒழுங்கா ஓடுச்சு, அல்லே?

வேல்சாமி: ஓடுச்சு. மாட்டு வண்டி கணக்கா ஓடுச்சு. நீ கொடுத்துவிட்ட ராமையும் கேமராவையும் மாட்டின பொறவுதான் இந்தக் கிறுக்கு.

விஜய்குமார்: கேமராவை உருவிட்டுப் பாத்தீங்களா?

வேல்சாமி: பாத்தாச்சு. அப்பவும் அணையுது.

விஜய்குமார்: அப்ப ராம்தான்…

செண்பகவல்லி: அது கிடக்கட்டும் மக்கா. பாப்பா முழிச்சிருக்காளா?

விஜய்குமார்: முழிச்சு, குளிச்சு, புதுச் சட்டை போட்டு மடியில கெடக்கா. அரைஞாண் கயிறு தட்டுல இருக்கு. இருபத்தெட்டாம் நாள் கயிறு கெட்டுக்கு நல்ல நேரம் போய்க்கிட்டே இருக்கு. மாமா கேமராவுல வந்தாச்சா, மாமா வந்தாச்சான்னு உங்க மருமக கலைச்செல்வி என் உயிரை எடுக்கா.

செண்பகவல்லி: பேத்தி பொறந்து இருபத்தெட்டு நாளாச்சு. இன்னும் மொகம் பாக்கல நான்.

வேல்சாமி: போட்டோ அனுப்பினான்லா.

செண்பகவல்லி: போட்டோவுல எல்லாப் பிள்ளையும் ஒண்ணு போலத்தான் இருக்கு. கண்ணு சிமிட்டுதத நான் பாக்கணும்.

விஜய்குமார்: இன்னைக்குப் பாத்திரலாம்மா. அப்பா, கரண்டை நிறுத்துங்க. பொட்டியோட சைடு மூடியக் கழட்டுங்க. வேகம்.

வேல்சாமி: ரெண்டு ஸ்க்ரூதானே… ஒண்ணு நில்லுல.

செண்பகவல்லி: திருப்புளிய இங்க தாங்க, நான் கழட்டுதேன்.

வேல்சாமி: நீ சும்மா இரி. ஸ்பீக்கர் சத்தம் பத்தல, போனை என் காதுகிட்ட பிடி.

விஜய்குமார்: …அப்பா? கழட்டியாச்சா?

வேல்சாமி: கழட்டுதேன்.

விஜய்குமார்: இன்னுமா?

வேல்சாமி: ஒண்ணு வந்துட்டு.

விஜய்குமார்: ஒண்ணா… சாலைக் கடைத்தெருவுல பாதிப் பேருக்கு ஸ்க்ரூவும் நட்டும் வித்த ஆளு நீங்க. கஸ்டமர் வாயத் திறக்கும் முன்ன பொட்டலம் மடிச்சு நீட்டுவீங்க. ஒரு ஸ்க்ரூவுக்கு இவ்வளவு நேரமா?

வேல்சாமி: இறுக்கி வச்சிருக்கான்.

விஜய்குமார்: யாரு?

வேல்சாமி: கம்பெனிக்காரன்.

விஜய்குமார்: காலையில மூடி மாட்டினது நீங்கதானேப்பா?

வேல்சாமி: அப்ப நான்தான் இறுக்கிட்டேன். விடேன். வக்கீல் மாதிரி குறுக்க குறுக்க…

விஜய்குமார்: சரி சரி. அம்மா எதுக்குப் போனைப் பிடிச்சிருக்கா? நீங்க ஒரு கையில பிடிச்சுக்கிட்டா…

செண்பகவல்லி: வேர்க்குது மக்கா. போன் வழுக்கிட்டு விழுந்திரும்னு…

விஜய்குமார்: ஃபேன் போட்டுக்க வேண்டியதுதானே.

செண்பகவல்லி: ஃபேனும் ஓடத்தான் செய்யுது.

விஜய்குமார்: ம்… அப்பா, ஒண்ணு செய்யுங்க. கீழ, நம்ம பக்கத்துக் கடையில தளவாய் அண்ணாச்சி இருப்பாருல்லா. அவரைக் கூப்பிட்டா கூடமாட ஒரு கை…

வேல்சாமி: தளவாய் வேண்டாம்.

விஜய்குமார்: ஏன்ப்பா?

வேல்சாமி: வேண்டாம்னா வேண்டாம். அவன் வந்தா ஊர்க்கதை பேசுவான்.

விஜய்குமார்: என்ன கதை பேசுவாரு?

வேல்சாமி: …மூடி வந்துட்டு. மேல சொல்லு.

விஜய்குமார்: சொல்லுதேன். உள்ள பச்சையா, நீளமா ரெண்டு பட்டை நிக்கும். அதுதான் ராம். ஒண்ணு பழசு, ஒண்ணு புதுசு. ரெண்டு முனையிலயும் வெள்ளையா கிளிப் இருக்கும், கதவுக்குக் கொண்டி மாதிரி. மூடியிருக்கா பாருங்க.

வேல்சாமி: பழசுக்கு ரெண்டு பக்கமும் மூடியிருக்கு. புதுசுக்கு… இடது பக்கம் மூடியிருக்கு. வலது பக்கம் கொஞ்சம் தூக்கிட்டு நிக்குது.

விஜய்குமார்: அம்புட்டுதான். அதுதான் கொழப்பம். ஒரு பக்கம் தூக்கிட்டு நின்னா மிஷின் கொஞ்ச நேரம் முக்கிப் பாத்துட்டு விழுந்துரும். அதை முழுசா உருவிட்டு, திரும்ப வச்சு அமுக்குங்க.

வேல்சாமி: …ஒண்ணு நில்லு. செண்பகம், போனைப் பொத்து.

செண்பகவல்லி: பொத்திட்டேன். அவனுக்குக் கேக்காது. இப்பவாவது சொல்லிருங்க.

வேல்சாமி: சொல்லி? உனக்கு ஆபரேசன்னு கேட்டதுமே வேலையத் தூக்கிப் போட்டுட்டு வந்து நின்னவன் அவன். ரெண்டு வருசம் கல்லாவுல உக்காந்து ஈ ஓட்டினான். இப்பத்தான் ஒரு நல்ல வேலை கிட்டி, பொண்டாட்டி பிள்ளையோட இருக்கான். கேட்டா அடுத்த பிளைட்டுல வந்து நிப்பான்.

செண்பகவல்லி: கேமரா ஓடுனா தெரியாதா?

வேல்சாமி: தலைதான் தெரியும். கேமராவுக்கு நேரா நீ உக்காரு. நான் துண்டைச் சுத்தி மேசைக்குக் கீழ வச்சுக்கிடுவேன்.

செண்பகவல்லி: எத்தனை நாளைக்கு?

வேல்சாமி: இன்னைக்கு ஒரு நாள் தாண்டட்டும்.

செண்பகவல்லி: அன்னைக்கும் இதைத்தான் சொன்னீங்க. அவன்கிட்டப் பொய் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துட்டு.

விஜய்குமார்: ஹலோ… ஹலோ? அம்மா? லைன் போயிட்டா?

செண்பகவல்லி: இருக்கேன் மக்கா, இருக்கேன்.

விஜய்குமார்: என்ன ரெண்டு பேரும் குசுகுசுன்னு?

வேல்சாமி: ஒண்ணுமில்ல. அடுப்புல பால் வச்சிருக்காளாம். நீ சொல்லு, எப்படி அமுக்கணும்?

விஜய்குமார்: பதுக்கே, மெதுவா உள்ள நிறுத்துங்க. ரெண்டு முனையிலயும் பெருவிரல வைங்க. ஒரே நேரத்துல அமுக்குங்க. கிளிப் ரெண்டும் தானா எழும்பி வந்து மூடும். ஒரு பக்கம் அமுக்கிட்டு மறுபக்கம் போனா, மொதல்ல மூடினது தூக்கிக்கும்.

வேல்சாமி: வச்சாச்சு.

விஜய்குமார்: அமுக்குங்க.

வேல்சாமி: அமுக்குதேன்ல. இடது பக்கம் மூடிட்டு.

விஜய்குமார்: வலது?

வேல்சாமி: மூடல.

விஜய்குமார்: திரும்பச் செய்யுங்க.

வேல்சாமி: இப்ப வலது மூடிட்டு… ச்சே, இடது தூக்கிட்டு.

விஜய்குமார்: ஒரே நேரத்துலப்பா. ரெண்டு பெருவிரலையும் வச்சு…

வேல்சாமி: அமுக்கத்தானே செய்யுதேன்.

விஜய்குமார்: ரெண்டு…

வேல்சாமி: ஒண்ணு அடங்குனா மத்தது எழும்புதுல.

விஜய்குமார்: அப்பா, அவசரம் இல்ல. மெல்லச் செய்யுங்க.

செண்பகவல்லி: மக்கா, போனை மேசை மேல வைக்கேன். வச்சிராத, என்ன.

வேல்சாமி: செண்பகம், நீ வேண்டாம். உனக்குத் தெரியாது, ஒடிஞ்சிரும்.

செண்பகவல்லி: நகருங்க அங்கிட்டு. ஒடிஞ்சா ஒடியட்டும். இடது பக்கம் நீங்க அமுக்குங்க. வலது பக்கம் நான். நான் ம்-ங்கும்போது அமுக்கணும், முந்திரக் கூடாது.

வேல்சாமி: இவ ஒருத்தி…

செண்பகவல்லி: வச்சிட்டீங்களா? ம்.

வேல்சாமி: ம்.

செண்பகவல்லி: மூடிட்டு! மக்கா, ரெண்டு பக்கமும் மூடிட்டு. டக்குனு சத்தம் கேட்டியா?

விஜய்குமார்: கேட்டேன்ம்மா.

செண்பகவல்லி: அடுத்து என்ன செய்யணும்?

விஜய்குமார்: மூடியப் பொறவு மாட்டிக்கலாம். கரண்டைப் போடுங்க.

வேல்சாமி: போட்டாச்சு. சுத்துது… விண்டோஸ் படம் வந்துட்டு.

செண்பகவல்லி: முருகா, நீலம் வரக்கூடாது.

வேல்சாமி: வரல. வரல… விஜி, நிக்குதுல. அணையாம நிக்குது.

விஜய்குமார்: கேமராவச் சொருகுங்க. காலையில சொன்னேன்லா, திரையில இருக்க அந்த மஞ்சள் மொகப் படத்தை மவுஸால ரெண்டு தட்டு தட்டுங்க. நான் இங்கிருந்து கூப்பிடுதேன். மணி அடிச்சா சரின்னு கொடுங்க.

செண்பகவல்லி: அடிக்குது… கொடுத்தாச்சு. கறுப்பால்ல இருக்கு?

விஜய்குமார்: பொறும்மா. இப்ப?

செண்பகவல்லி: ஐயோ, என் கண்ணே. ஏங்க, பாருங்க, உங்களை உரிச்சு வச்சிருக்கு. அந்த நெத்தியப் பாருங்க. சிமிட்டுதா, சிமிட்டுதா.

வேல்சாமி: விஜி… அவ என்னையத்தான் பாக்கா. அப்படித்தானே?

விஜய்குமார்: உங்களத்தான்ப்பா.

வேல்சாமி: போதும்ல. எனக்கு இது போதும். மனசு நெறைஞ்சு போச்சு.

விஜய்குமார்: அப்பா, அம்மாவுக்குப் பின்னால ஒளியாதீங்க. முன்னால வாங்க. கயிறு கெட்டப் போறேன். கையத் தூக்கி ஆசீர்வாதம் பண்ணுங்க.

வேல்சாமி: நூறு வயசு நல்லா இரு தாயி.

விஜய்குமார்: கையத் தூக்கிச் சொல்லுங்க.

வேல்சாமி: வாயால சொன்னா போதாதா? இந்தா, தூக்கியாச்சு.

விஜய்குமார்: அது இடது கைப்பா.

வேல்சாமி: கேமராவுல மாறித் தெரியும்.

விஜய்குமார்: மாறித் தெரியல. அந்தத் துண்டுக்குள்ள இருக்கே, அந்தக் கையத் தூக்குங்க.

செண்பகவல்லி: ஏங்க… போதும்ங்க.

வேல்சாமி: விஜி, அது வந்து… பைப்புக்கு மரை போடும்போது மிஷின் லேசா இழுத்துட்டு. சின்னக் காயம்தான். நீ அதுக்காக ஓடி வந்துராத. வந்தா வீட்டுக்குள்ள விடமாட்டேன், சொல்லிட்டேன்.

விஜய்குமார்: வரமாட்டேன்ப்பா, பாப்பா மேல சத்தியம். மிஷின் இழுத்த அன்னைக்கே தளவாய் அண்ணாச்சி எனக்குப் போன் போட்டுட்டாரு. எது போச்சுன்னு மட்டும் அவருக்குச் சொல்ல வாய் வரல. உங்ககிட்ட எப்பக் கேட்டாலும் நல்லாயிருக்கேன், நல்லாயிருக்கேன். அதான் கேமராவ வாங்கிக் கொடுத்துவிட்டேன். பெருவிரல்னு இப்பத்தான் தெரியும்… நேரம் போவுதுப்பா. துண்டை எடுத்துட்டு அந்தக் கையத் தூக்குங்க. பாப்பாவுக்கு இன்னும் விரல் எண்ணத் தெரியாது.