பெட்டியிலிருந்து எடுத்த சட்டை

காலையில் அந்தமானில் சாத்தாமிலிருந்து பாம்பூஃப்ளாட் போகும் படகில் என் முன் இருக்கையில் இரண்டு பெண்கள். இளையவளின் மடியில் பன்னிரண்டாம் வகுப்பு உயிரியல் விடைத்தாள்கள்.

"செல்லுக்குள்ள இருக்கிற சின்னப் பை, சவ்வோட சேர்றது படகு ஜெட்டியில வந்து ஒட்டி நிக்கிற மாதிரின்னு ஒரு பொண்ணு எழுதியிருக்கா, அக்கா. பாதி மார்க்குதான்."

"ஏன் டீச்சர், சரியாத்தானே இருக்கு?"

"ஒட்டி நின்னா மட்டும் போதாது. பையில ஒரு புரதம், சவ்வுல ஒரு புரதம். ரெண்டும் கயிறு மாதிரி முறுக்கிக்கிட்டு இழுக்கணும். அந்த இழுப்புல ரெண்டு தோலும் ஒரே தோலாயிரும். அப்பத்தான் உள்ள இருக்கிற சரக்கு வெளிய வரும்."

"இழுக்கலன்னா?"

"பக்கத்துலயே நிக்கும். சரக்கு உள்ளயே கிடக்கும்."

கரை நெருங்கியது. படகுக்காரர் கயிற்றை வீசினார்.

"அது இருக்கட்டும். உங்க வீட்டுக்காரரு மெயின்லேண்ட்ல இருந்து வந்திருக்காராமே?"

"பதினஞ்சு நாள் லீவு. இன்னையோட பத்து நாளாச்சு."

"அச்சா. வீடு கலகலன்னு இருக்குமே."

டீச்சர் விடைத்தாள்களை அடுக்கிக் கட்டினாள்.

"பீரோவுல அவருக்குன்னு ஒரு தட்டு காலி பண்ணி வச்சேன் அக்கா. தினமும் பெட்டியிலேருந்துதான் சட்டை எடுக்கிறாரு. எடுத்ததும் பெட்டிய மூடிடுறாரு."