நடந்து ஏறிய மூன்று கிலோ

எழுதப் படிக்கத் தெரியும் என்பதைத் தவிர இதை எழுத எனக்கு ஒரு தகுதியும் இல்லை. மற்றவர் பேச்சைக் காதில் வாங்கியதும் தப்புதான், பொறுத்துக்கொள்ளுங்கள். பாபநாசம் பஸ்ஸில் முன்சீட்டில் இருந்த கனத்த மனிதர் இப்படிச் சொன்ன பிறகு என்னால் ஜன்னல் பக்கம் திரும்ப முடியவில்லை.

"தினமும் நடந்து நடந்தே மூணு கிலோ ஏறிட்டேன் மச்சான்."

பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். "நடந்தா இறங்கத்தானே செய்யும்?"

"எங்க நடக்க விடுறாங்க? துபாய்லேருந்து லீவுல வந்தவன் வாசல் வழியாப் போறானேன்னு வீட்டுக்கு வீடு கூப்பிடுறாங்க. உள்ள போகலேன்னா, காசு வந்ததும் கண்ணு தெரியலேம்பாங்க. போனா வடை, அதிரசம்."

"கம்பெனி டாக்டர் மெதுவா மென்னு தின்னச் சொன்னாரே?"

"மென்னேன். அப்பத்தான் அதிரசத்தோட ருசி முழுசாத் தெரிஞ்சுது. இன்னொண்ணு கேட்டு வாங்கினேன்."

"விளையாடாதீங்க மாப்ளே. எடை குறையலேன்னா திரும்ப வேலையில சேர்க்க மாட்டாங்க. என் தங்கச்சிக்கு நான்தான் பதில் சொல்லணும்."

"அந்தப் பயத்துலதான் ரெண்டு சேர்த்துத் தின்னுடுறேன்."

"கையை வீசிட்டு நடந்தா கூப்பிடத்தான் செய்வாங்க. நாளைக்குத் தோள்ல மண்வெட்டியைப் போட்டுக்கிட்டு வாய்க்கால் கரையில நடங்க. தண்ணி பாய்ச்சப் போறவனை எவனும் நிறுத்த மாட்டான்."

"அந்த மண்வெட்டிக்குப் பயந்துதானே துபாய்க்கே போனேன்!"

மறுநாள் காலை அதே பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாக அந்தக் கனத்த மனிதரைப் பார்த்தேன். அவர் வாய்க்கால் கரையில் நடக்கவில்லை. யாரோ ஒருவருடைய வயலில், கைலியை மடித்துக் கட்டி மண்வெட்டியால் மடை வெட்டிக்கொண்டிருந்தார். வயல்காரர் வரப்பில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.