முத்து முத்தான கையெழுத்து

மேடவாக்கம் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு டீச்சர்கள். ஜன்னலோரம் இருந்தவர் சொன்னார்:

“எண்பத்திமூணு கலவரத்துல கொழும்புல தமிழங்க வீடாப் பார்த்துக் கொளுத்த வந்தாங்கல்ல, அவங்க கையில லிஸ்ட் இருந்துச்சுக்கா. முத்து முத்தா கையெழுத்து. நான் அப்ப சின்னப் பொண்ணு, அதுதான் ஞாபகம் இருக்கு.”

“எழுதினவன் என்ன பண்ணுவான், பாவம்? எழுதச் சொல்லியிருப்பாங்க.”

“அதான்க்கா புரியல. அவனும் கொளுத்தினவன்தானா, இல்லையா?”

பஸ் கீழ்க்கட்டளையைத் தாண்டியது. பிறகு பக்கத்தில் இருந்தவர் மெதுவாகச் சொன்னார்:

“எங்க அபார்ட்மென்ட்லயும் எந்த ஃப்ளாட்ல எந்த மதம்னு லிஸ்ட் கேட்டாங்க. கையெழுத்து நல்லா இருக்குன்னு என்னைத்தான் எழுதச் சொன்னாங்க. நேத்து குடுத்துட்டேன்.”

“எதுக்குன்னு கேட்டீங்களா?”

“இல்லடி. கறுப்புப் பேனாவா, நீலமான்னுதான் கேட்டேன்.”