குளிப்பாட்டும் கை

பிள்ளையைக் குளிப்பாட்டுவதற்கு ஒரு கைப்பக்குவம் வேண்டும், டொக்டர். எனக்கு அது உண்டு என்று வெள்ளவத்தையில் எங்கள் பிளாட்டில் எல்லோரும் சொல்வார்கள்.

நிதுஷன் என் தம்பி சுமனின் மகன். சுமன் கனடாவில். அவன் மனைவி விஷ்ணுப்பிரியாவும் பிள்ளையும் என்னோடு இருந்தார்கள். எனக்குக் கலியாணம் ஆகவில்லை. அந்தக் கதை இப்போது வேண்டாம். பிள்ளையைக் காலில் கிடத்தி எண்ணெய் பூசுவது, தலை உருட்டுவது, மூக்குப் பிடித்துவிடுவது எல்லாம் நான்தான். பிரியா துவாயோடு பக்கத்தில் நிற்பாள்.

குடலிறக்கம் என்று அடிவயிற்றில் சின்ன ஒப்பரேசன் செய்தீர்கள். அதே கிழமை அவர்களுக்கு விசாவும் வந்தது. வீக்கம் வற்றிய பிறகு பயணம் போகலாம் என்றீர்கள். வற்றிக்கொண்டுதான் வந்தது. பிரியா பெட்டி அடுக்கத் தொடங்கினாள்.

ஒரு நாள் எண்ணெய் பூசும்போது என் பெருவிரல் அந்த இடத்தில் அழுந்திவிட்டது. அது கைதவறித்தான். பின்னேரம் பார்த்தால் மறுபடி வீங்கியிருந்தது. பிரியா பெட்டியை மூடிக் கட்டிலுக்குக் கீழே தள்ளினாள். எனக்கு மனம் நிறைந்துபோனது. அடுத்த நாளும் அழுத்தினேன். அது கைதவறி அல்ல.

"மச்சாள், இது ஏன் வத்துதில்லை?" என்று அவள் அழுதாள்.

"கண்ணூறு, பிள்ளை. ஆர் ஆரோ வந்து பாத்திட்டுப் போகினம்."

உப்பும் செத்தல் மிளகாயும் சுற்றி நானே நெருப்பில் போட்டேன். நெடியில் இரண்டு பேரும் இருமினோம். கண்ணூறு இருந்தால் மிளகாய் நெடிக்காது என்பார்கள். பிரியாவுக்கு அது தெரியாது.

பிறகு காய்ச்சல் வந்தது. இரண்டாம் முறையும் வெட்ட வேண்டி வந்தது. ஆஸ்பத்திரியில் தாதிமார் குளிப்பாட்டினார்கள். வீக்கம் தானாக இறங்கியது. "வீட்டில் யார் குளிப்பாட்டுவது?" என்று நீங்கள் கேட்டபோது பிரியா என் கைகளைத்தான் பார்த்தாள்.

ஓம், நான்தான் செய்தேன். அவர்கள் போய்விட்டால் அந்த வீட்டில் எனக்கு யார் இருக்கிறார்கள்? ஆனால் பிள்ளையை நான் கொடுமைப்படுத்தவில்லை. அவன் வீரிட்டதும் கையை எடுத்துவிடுவேன். நெஞ்சோடு அணைத்து, அழுகை அடங்கும்வரை நடப்பேன். வேறு யாராலும் அவனை அப்படி ஆற்ற முடியாது.

நேற்று வார்ட் வாசலில் என்னைக் கண்டதும் தாயைக் கட்டிக்கொண்டு வீரிட்டு அழுதான். பாவம், என்னைக் காணாமல் அவ்வளவு ஏங்கிப்போயிருக்கிறான்.