மாதாவுக்கு அரை

இல்லை சார், டீயில் சர்க்கரை போதும். யுத்த காலத்தில் இவ்வளவு போட்டுக் கொடுப்பதே பெரிது. நான் அழுவேன் என்று ஏட்டையா கைக்குட்டையோடு நிற்கிறார். அதை அவரே வைத்துக்கொள்ளட்டும்.

கிளாரன்ஸ் நல்ல பையன். காக்ஸ் டவுன் மாதா கோயிலில் பாடுவான், கணீரென்ற குரல். தொழிற்சாலையில் எங்கள் இருவருக்கும் ஒரே வேலை: பிரஸ் எந்திரத்தில் ஓர் உலோகத் துண்டைத் தகடாக நசுக்க எத்தனை டன் அழுத்தம் வேண்டும் என்று கணக்குப் போடுவது. நான் பரப்பை உலோகத்தின் பலத்தால் பெருக்குவேன். ஒரே வரி. உராய்வை விட்டுவிடுவேன், எதையாவது விடாமல் அழகு வராது. அவன் உராய்வையும் சேர்த்துப் பக்கம் பக்கமாக எழுதுவான்.

பிரஸ் மேஸ்திரி மதலைமுத்து என் விடையோடு எப்போதும் பாதியைக் கூட்டிக்கொள்வார். "ஆபீஸ் கணக்குக்கு ஒண்ணு, மாதாவுக்கு அரை." என் சூத்திரம் மாதா போட்ட பிச்சையில் பிழைத்து வந்தது.

அன்று வந்தது மிக மெல்லிய தகடு. பெரிய பிரஸ் வேண்டும் என்றான் கிளாரன்ஸ். சின்னது போதும் என்றேன்.

"வைத்தி, உலகம் பூரா வெண்ணெய்னு நெனச்சிட்டியா?"

அவன் கேட்டதும் ஆபீசே சிரித்தது.

வீட்டில் அவன் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. தகடு மெலிய மெலிய உராய்வு ஏறும். சின்னப் பிரஸ் தாங்காது.

மறுநாள் மேஸ்திரியிடம், "மாதாவோட அரைய நானே சேத்துட்டேன்" என்றேன். சேர்க்கவில்லை.

"இப்பவாச்சும் பக்தி வந்துச்சே சாமி" என்று சின்னப் பிரஸ்ஸை ஓட்டினார்.

பக்கத்தில் நின்று அழுத்தமானியின் முள்ளைப் படிக்கும்படி கிளாரன்ஸிடம் சொன்னதும் நான்தான். வாய் பேசியவன் கண்ணால் பார்ப்பதுதானே முறை. நான் கிடங்குச் சுவருக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன். பயமில்லை, அங்கே காற்று நன்றாக வரும்.

தகடு பாதியில் நின்றுவிட்டது. மேஸ்திரி என்னைப் பார்த்தார். "இன்னும் கொஞ்சம்" என்றேன். மறுபடி பார்த்தார். மறுபடி சொன்னேன். பிரஸ்ஸின் தூண் முறிந்து கிளாரன்ஸ் மேல் விழுந்தது.

ஆமாம் சார், கொன்றது நான். நீங்கள் அடைத்து வைத்திருக்கும் மதலைமுத்துவை அனுப்பிவிடுங்கள். சூத்திரத்தின் மேலும் பழி வேண்டாம். தடித்த துண்டுக்கு அது இன்றும் சரிதான்.

ஓர் உதவி மட்டும். கடைசிவரை கிளாரன்ஸ் முள் காட்டிய எண்ணை உரக்கச் சொல்லிக்கொண்டே இருந்தான். தூண் முறிந்த சத்தத்தில் கடைசி எண் எனக்குக் கேட்கவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் யாரையாவது கேட்டுச் சொல்வீர்களா?